கல்லீரல் பொருத்தம்

ஜனவரி 9

லிஃப்ட்காரருக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவது வழக்கம். நலமில்லை என்று தெரிந்துகொண்டே அப்படிக் கேட்க எனக்கு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மகள் நேற்று போன் செய்தாள். உங்கள் கல்லீரல் சுருங்கிக் கெட்டியாகிவிட்டது, வேறு கல்லீரல் வைத்தால்தான் உண்டு என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லி அழுதாள். இதை என்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினீர்களாம். அவளைப் பற்றித் தெரிந்தும் சத்தியம் வாங்கியிருக்கிறீர்களே.

அவள் கொடுக்கிறேன் என்றாளாம். ஆறு மாதக் கர்ப்பிணியிடம் யார் எடுப்பார்கள்? உங்கள் மாடியில் இருக்கும் தம்பிக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதால் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்டதும் அவர் விட்ட பெருமூச்சு போனிலேயே கேட்டது என்றாள்.

நம் இருவருக்கும் ஒரே ரத்த வகை. கல்யாணத்துக்கு முன்னால் எந்தப் பொருத்தமும் பார்க்காதவர்கள் நாம். இது ஒன்று தானாகப் பொருந்தியிருக்கிறது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை. எண்ணெயில் பொரித்ததைத் தொடுவதே இல்லை. பழரசத் தொழிற்சாலையில் அதே சோதனைக்கூடத்தில்தான் வேலை. லீவு நிறைய சேர்ந்திருக்கிறது. சட்டப்படி நான் இன்னும் உங்கள் மனைவி. ஏழு வருடமாக நான் கேட்டும் நீங்கள் கையெழுத்துப் போடாததால் அப்படி. மனைவி கொடுக்கலாமாம், விசாரித்துவிட்டேன்.

போன் செய்யாமல் எழுதுவதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் இருவருக்கும் குரல் ஏறிவிடும். போதாததற்கு, இப்போதெல்லாம் சொன்னது உங்களுக்கு மறந்துபோகிறது என்றும் மகள் சொன்னாள். எழுதியது இருந்தால் எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

இதனால் வீட்டுக்குத் திரும்பி வருகிறேன் என்று அர்த்தமில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
சட்டப்படி மனைவி


ஜனவரி 16

ராங்கிக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ்தான் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் மேஜைமேல் வைத்திருந்தேன். பிரித்தால் கல்லீரல். எது பரவாயில்லை என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒன்று உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதிவைக்கிறேன். நான் குடித்ததில்லை. இரும்புக் கயிற்றில் தொங்கும் பெட்டியின் தலைமேல் நின்று வேலை பார்க்கிறவன் குடித்திருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பான். ஆனால் ஊர் நம்பவில்லை. எதிர் வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எத்தன வருஷமா சார் பழக்கம்?"

"எந்தப் பழக்கம்?"

"அதான் சார்... நமக்குள்ள என்ன? கல்லீரல்னா அதானே."

"பொரிச்ச கோழி சார். அப்புறம் வெண்ணெய் போட்ட ரொட்டி."

தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். நான் மறைக்கிறேன் என்று தெருவெல்லாம் சொல்லியிருப்பார்.

நடந்தது இவ்வளவுதான். ஆறேழு வருடத்துக்கு முன் கம்பெனியில் எல்லோருக்கும் வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் கொழுப்பு என்று எனக்கு எழுதிக் கொடுத்தார்கள். வலியில்லை, காய்ச்சலில்லை. எங்கள் பிரிவில் பாதிப் பேருக்கு அப்படித்தான் எழுதியிருந்தது, கைதட்டிச் சிரித்தோம். அந்தக் கொழுப்பு உள்ளேயே இருந்து புண்ணாக்கி, புண் ஆறித் தழும்பாகி, இப்போது கல்லீரலில் தழும்புதான் மிச்சமாம். தழும்பு வேலை செய்யாது. வேலை செய்யாததால் வயிற்றில் தண்ணீர் கட்டுகிறது. குழாய் வைத்து எடுக்கிறார்கள், மறுபடி கட்டுகிறது.

நீ சொன்ன யோசனைக்கு நன்றி. வேண்டாம். இறந்துபோகிறவர்கள் கொடுக்கும் கல்லீரலுக்காகப் பெயர் பதிந்து வைத்திருக்கிறேன். முறை வந்தால் வரட்டும். வீட்டை விட்டுப் போனவளிடம் அவள் உடம்பிலிருந்து வெட்டிக் கொடு என்று கேட்கிற நிலைக்கு நான் இன்னும் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரர்


ஜனவரி 30

லிஃப்ட்காரருக்கு,

நீங்கள் வேண்டாம் என்று எழுதியதைப் படித்தேன். படித்துவிட்டு மறுநாள் பரிசோதனைக்குப் போனேன்.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இப்ப நீங்க கொடுக்க முடியாதும்மா. உங்க கல்லீரல்லயே கொழுப்பு இருக்கு. நூத்துல இருபத்தஞ்சு பங்கு."

"யாரோட ஸ்கேனையோ பாக்கறீங்க டாக்டர். நான் எண்ணெயே தொடறதில்ல."

"உங்களுதுதாம்மா. இதுல பாதிய வெட்டி எடுத்தா மிச்சம் இருக்கறது உங்களுக்கே போதாம போகலாம். அவருக்கும் அது சரியா வேலை செய்யாது."

நான் நல்லபடியாக வாழ்கிறேன் என்று இத்தனை வருடம் எனக்கு ஒரு நினைப்பு. அது அந்த நாற்காலியில் போயிற்று.

உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். நம் மகளைவிடச் சின்னப் பெண், மூக்கில் நிற்காத பெரிய கண்ணாடி. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. "ஒரு நாளைக்கு என்னம்மா குடிக்கறீங்க?" என்றாள். சொன்னேன். தொழிற்சாலையில் ஒவ்வொரு தொட்டி தயாராகும்போதும் ருசி பார்க்கவேண்டும், ஒரு தொட்டிக்கு ஒரு வாய். வெயில் காலத்தில் தொட்டி கூடும். நெளிந்துபோன பாட்டில்களை விற்க முடியாது என்று எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். வீட்டில் தண்ணீருக்குப் பதில் அதுதான். டீக்கு மூன்று கரண்டி சர்க்கரை. டீயோடு பிஸ்கட். சமையல் செய்யச் சோம்பலாக இருந்தால் இரவுக்கும் பிஸ்கட். தனியாக இருக்கிறவளுக்கு எதற்கு அடுப்பு?

எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"அம்மா, கொழுப்ப சாப்பிட்டாதான் கொழுப்பு சேரும்னு இல்ல. சர்க்கரைல ரெண்டு விதமான இனிப்பு கலந்திருக்கு. ஒண்ண உடம்பு முழுக்கப் பங்கு போட்டுக்கும். இன்னொண்ணு பெரும்பாலும் கல்லீரலுக்குத்தான் போகும். அளவுக்கு மீறி வந்துச்சுன்னா அத கொழுப்பா மாத்தி அங்கயே வெச்சுக்கும். பழச்சாறுலயும் அதே இனிப்புதான்."

"பழம் நல்லதுன்னு சொல்வாங்களே."

"கடிச்சு சாப்பிட்டா நல்லது. ஒரு பழம் ரெண்டு பழத்துல வயிறு நிறைஞ்சிடும், நாரும் சேர்ந்து போகும். ஜூஸ்னா ஏழெட்டுப் பழத்து இனிப்பு ஒரே மூச்சுல உள்ள போயிடுது."

"அப்ப எண்ணெயும் வெண்ணெயும் ஒண்ணும் பண்ணாதா?"

"பண்ணும். வெண்ணெய், கொழுப்போட இருக்கற கறி, கடையில பொரிச்சது எல்லாம் சேர்க்கத்தான் செய்யும். ரெண்டும் சேர்ந்துட்டா இன்னும் வேகமா சேரும். உங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போனாரு, நீங்க இந்தப் பக்கம் போனீங்க, அவ்வளவுதான்."

இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக இருந்தால் இறங்கிவிடும், அப்புறம் மறுபடி பார்க்கலாம் என்றாள். அதுவரை நீங்கள் தாக்குப்பிடிக்கவேண்டும்.

இப்படிக்கு,
மனைவி


பிப்ரவரி 7

ராங்கிக்கு,

உனக்குக் கொழுப்பு என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்கேன் எடுத்துக் காட்டினால்தான் நம்புவாயா?

சிரித்தேன். தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து என்ன ஆயிற்று என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தேன். அப்புறம் உன் கடிதத்தை மறுபடி படித்தபோது சிரிப்பு வரவில்லை. இரவுக்குப் பிஸ்கட் சாப்பிடுகிறாய் என்று இதுவரை எனக்குத் தெரியாது. தனியாகப் போனவள் நிம்மதியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்றே நினைத்திருந்தேன்.

என் கதையும் அதுதான். லிஃப்ட் நின்றுபோனது என்று கூப்பிடுவார்கள். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டும்போது யார் உட்கார்ந்து சாப்பிடுவது? ஆளை வெளியே எடுத்த பிறகு பசி கண்ணை மறைக்கும். எதிரில் எந்தக் கடை இருக்கிறதோ அதுதான் சாப்பாடு. பொரித்தது சீக்கிரம் கிடைக்கும், கையில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். நீ வீட்டில் இருந்தவரை காய்கறியை வேகவைத்து முன்னால் வைப்பாய். நான் இரண்டு வாய் சாப்பிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு அவசர வேலை என்று கிளம்புவேன். எந்த அவசரம் என்று உனக்குத் தெரிந்திருக்கும். சட்டையில் பொரித்த கோழி வாசனை வருமே.

இப்போது உப்பில்லை, எண்ணெயில்லை. கையும் காலும் குச்சியாகிவிட்டன, வயிறு மட்டும் பானை. தசை கரைகிறது, முட்டையும் பருப்பும் நிறைய சாப்பிடுங்கள் என்கிறார்கள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

உன் கொழுப்பைக் குறைத்துக்கொள். எனக்குக் கொடுப்பதற்காக இல்லை. நீ இப்போது இருக்கும் இடத்தில்தான் நான் கைதட்டிச் சிரித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து திரும்ப வழி இருந்தது என்று இந்த டாக்டர் சொல்கிறார். திரும்பிவிடு.

கொடுப்பது பற்றி என் பதில் மாறவில்லை.

லிஃப்ட்காரர்


பிப்ரவரி 27

லிஃப்ட்காரருக்கு,

ருசி பார்த்துவிட்டுத் துப்பவேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தந்திருந்தார்கள். துப்புவது அசிங்கம் என்று இத்தனை வருடமாக விழுங்கிக்கொண்டிருந்தேன். இப்போது மேஜையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைத்திருக்கிறேன். துப்பினாலும் இனிப்பின் அளவை நாக்கு சரியாகத்தான் சொல்கிறது.

சர்க்கரை இல்லாத டீ, வெந்நீரில் அட்டைப்பெட்டியை ஊறவைத்த மாதிரி இருக்கிறது. முதல் வாரம் தலைவலி. இரண்டாம் வாரம் மேலாளரிடம் சத்தம் போட்டேன். அவர் நல்ல மனிதர், "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார். கல்லீரல் சரியில்லை என்று சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் உங்கள் எதிர் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது.

அடுப்பு பற்றவைக்கிறேன். பருப்பு, முட்டை, கீரை, வாரத்தில் இரண்டு நாள் மீன். எண்ணெயை அறவே ஒதுக்கவேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அளவோடு நல்ல எண்ணெய் சேர்த்துக்கொள்ளலாமாம், கொஞ்சம் வேர்க்கடலையோ பாதாமோ சாப்பிடலாமாம். பட்டினி கிடந்து சீக்கிரமாக எடையைக் குறைக்கிறேனே என்று கேட்டேன். "வேண்டவே வேண்டாம்மா, அதுவும் கல்லீரலுக்குத்தான் கஷ்டம்" என்றாள். வேலை முடிந்ததும் தொழிற்சாலையின் வெளிச்சுவரை ஒட்டி வேகமாக நடக்கிறேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரிக்கிறார்கள். நடக்கட்டும்.

பாவாடைக் கயிறு ஒரு முடிச்சு உள்ளே வந்திருக்கிறது.

உங்கள் பதில் மாறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் அபிப்பிராயம். ஒன்று மட்டும் கேட்கிறேன். போன கடிதத்தில் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. கை நடுங்குகிறதா? தம்பியிடம் சொல்லிவையுங்கள். தினமும் இறங்கி வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மனைவி


மார்ச் 11

ராங்கிக்கு

பாப்பாவுக்கு நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். எனக்கு வேலை இருக்கிறது ஏழாவது மாடியில் ஆள் மாட்டியிருக்கிறார். நீ போய்க் கூட்டிவா. மழை வரும்போல இருக்கிறது அவளிடம் குடை இல்லை. சாவியை எங்கே வைத்தாய் சொல்லாமல் போய்விட்டாய். எல்லா இடத்திலும் பார்த்துவிட்டேன். பாப்பாவுக்கு நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். பெட்டி நடுவில் நிற்கிறது கதவு திறக்கவில்லை உள்ளே யாரோ தட்டுகிறார்கள். நீ போய்க் கூட்டிவா


மார்ச் 19

லிஃப்ட்காரருக்கு,

நடந்தது உங்களுக்கு நினைவிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

11ஆம் தேதி நீங்கள் எனக்கு ஒரு கடிதம் எழுதி, நீங்களே தெருமுனைவரை நடந்துபோய்த் தபாலில் போட்டிருக்கிறீர்கள். பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவரச் சொல்லி எழுதியிருந்தீர்கள். பாப்பாவுக்கு இப்போது எட்டாம் மாதம். கடிதம் என் கைக்கு வருவதற்குள் உங்கள் தம்பி உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். படிக்கட்டில் உட்கார்ந்து சுவரில் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தீர்களாம்.

நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். உங்கள் கைகால்களைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள், குழாய்களைப் பிடுங்கிவிடுகிறீர்கள் என்று. கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்து நர்ஸிடம் கேட்டீர்கள்.

"இந்தம்மா யாரு? லேப்ல இருந்தா வந்திருக்காங்க?"

நர்ஸ் என்னைப் பார்த்தாள். "ஆமா, லேப்ல இருந்துதான் வந்திருக்கேன்" என்று சொன்னேன். அது பொய்யில்லை. நீங்கள் மரியாதையாகக் கையை நீட்டினீர்கள், ரத்தம் எடுப்பதற்கு.

கல்லீரல் சுத்தம் செய்யவேண்டிய கழிவு அப்படியே மூளைக்குப் போய்விடுகிறது என்றார் டாக்டர். மருந்து கொடுத்து வயிற்றைக் கழுவினார்கள். மூன்றாம் நாள் தெளிந்தீர்கள். தெளிகிற நேரத்தில் நான் கிளம்பிவிட்டேன். கண் விழித்ததும் என் முகத்தைப் பார்த்தால் ஏதாவது சொல்வீர்கள், நானும் ஏதாவது சொல்வேன்.

இனிமேல் முறை வரும்வரை காத்திருப்பது சரிப்படாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதேபோல் இன்னொரு தடவை வந்தால் தெளிவீர்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லையாம்.

இரண்டு வாரத்தில் எனக்கு மறு ஸ்கேன்.

இப்படிக்கு,
லேபிலிருந்து வந்த அம்மா


மார்ச் 25

ராங்கிக்கு,

தம்பி சொன்னான், நீ மூன்று நாளும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய் என்று. எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஒரு லேப் அம்மா நினைவு மட்டும் இருக்கிறது. நல்ல மாதிரி, அதிகம் பேசவில்லை.

இத்துடன் நீ ஏழு வருடமாகக் கேட்ட விவாகரத்துத் தாள்கள். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கை நடுங்கும் முன் காலையிலேயே போட்டேன், அதனால் நன்றாகவே வந்திருக்கிறது.

ஏன் இப்போது என்று நினைப்பாய். நீ நினைப்பது சரிதான். மனைவி அல்லாதவள் கொடுக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "கொடுக்கறவங்களுக்கு ஆபத்து உண்டா டாக்டர்? சும்மா சொல்லாதீங்க." அவர் சும்மா சொல்லவில்லை. பெரும்பாலும் எல்லோரும் நன்றாகத்தான் வீட்டுக்குப் போகிறார்களாம். சில நூறு பேரில் ஒருவர் போவதில்லையாம்.

இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். சில நூறு தடவை மேலே போனால் ஒரு தடவை அறுந்து விழும் லிஃப்டில் நான் ஒருவரையும் ஏற்றியதில்லை. கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். கட்டடத்துக்காரர்கள் கத்துவார்கள், கத்தட்டும். இதுவும் அப்படித்தான். பூட்டிவிட்டேன்.

நீ கேட்டபோதெல்லாம் நான் கையெழுத்துப் போடாததற்குக் காரணம், நீ திரும்பி வருவாய் என்று நினைத்தேன். அதுவும் தெரிந்திருக்கும்.

லிஃப்ட்காரர்


ஏப்ரல் 6

லிஃப்ட்காரருக்கு,

தாள்கள் வந்தன. கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

கையெழுத்துப் போட்டவுடன் விவாகரத்து ஆகிவிடும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? கோர்ட்டில் கொடுக்கவேண்டும். தேதி வாங்கவேண்டும். இருவரும் போய் நிற்கவேண்டும். கொடுப்பது என் கையில் இருக்கிறது. இப்போது எனக்கு நேரமில்லை.

மறு ஸ்கேன் எடுத்தார்கள். இருபத்தைந்து, ஆறாகியிருக்கிறது. "என்னம்மா பண்ணீங்க?" என்றார் டாக்டர். "துப்பினேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அந்தக் கண்ணாடிப் பெண் மட்டும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஒரு குழு முன்னால் உட்காரவைத்தார்கள். மூன்று பேர். காசுக்காகவோ பயந்துகொண்டோ கொடுக்கவில்லை என்று அவர்கள் பார்க்கவேண்டுமாம். கல்யாணப் போட்டோ கேட்டார்கள். கொடுத்தேன். நடுவில் இருந்த அம்மா என் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"பிரிஞ்சு இருக்கோம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மறைச்சிருக்கலாமே?"

"எதுக்கு மறைக்கணும்? உண்மைதானே."

"யாராவது உங்கள கட்டாயப்படுத்தினாங்களா?"

"அவர்தான். வேண்டாம்னு கட்டாயப்படுத்தறாரு."

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"விவாகரத்துக்குக் கையெழுத்துக்கூட வாங்கி வெச்சிருக்கறதா எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கும்மா உடம்ப அறுத்துக் கொடுக்கறீங்க?"

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவரோட ஒரே வீட்ல என்னால இருக்க முடியல. அதுக்காக அவர் இல்லாமலே போகணும்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல."

மூவரும் எழுதிக்கொண்டார்கள். அனுமதி வந்துவிட்டது.

அந்தச் சில நூறு கணக்கை டாக்டர் என்னிடமும் சொன்னார். கதவைப் பூட்டிச் சாவியோடு போய்விடுகிற உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாததா? ஆனால் பூட்டுவதற்கு முன்னால் பெட்டியின் தலைமேல் நீங்கள்தானே ஏறி நின்றீர்கள்? என்னை யாரும் ஏற்றவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு நானாக ஏறுகிறேன்.

உங்கள் சம்மதக் கையெழுத்தும் வேண்டுமாம். இதற்கும் ஏழு வருடம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
மனைவி


ஏப்ரல் 14

ராங்கிக்கு,

போட்டுவிட்டேன். காலையில் நீ எழுதியிருந்த அந்தக் குழு அம்மா தாளை நீட்டியபோது கை நடுங்கியது. அவர் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று நானே போட்டேன்.

நீ இதே வரிசையில் நான்காவது அறையில் இருக்கிறாய் என்று நர்ஸ் சொன்னாள். சக்கர நாற்காலியில் கூட்டிப்போகட்டுமா என்றாள். ஒரு கடிதம் தருகிறேன், அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே நிற்கிறாள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நாளை முதலில் உன்னைத்தான் உள்ளே கொண்டுபோவார்களாம். உனக்கு ஏதாவது சரியில்லை என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள், என்னைப் பார்க்கவேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அது அவர்கள் வழக்கம்தானாம். இருந்தாலும் சொன்னேன்.

பயமாக இருக்கிறது. எனக்காக இல்லை.

லிஃப்ட்காரர்


ஜூலை 12

ராங்கிக்கு,

நேற்று முதல் தடவையாகத் தெருமுனைவரை போய் வந்தேன். கண்ணில் மஞ்சள் போய்விட்டது. வயிற்றில் தண்ணீர் இல்லை. பாத வீக்கம் வடிந்து, செருப்பு மறுபடி காலுக்குப் பொருந்துகிறது. எதிர் வீட்டுக்காரர், "இனிமேலாவது விட்டுடுங்க சார்" என்று தோளைத் தட்டினார். விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவருக்குத் திருப்தி.

பேரன் படம் வந்திருக்கும். மூக்கு உன்னுடையது. கத்துவது யார் மாதிரி என்று மகள் என்னைக் கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

புதுக் கல்லீரல் என்று இருந்துவிடக் கூடாதாம். பழையபடி தின்றால் இதிலும் கொழுப்பு சேருமாம், டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். நான் பருப்பும் காயும் நானே வேகவைத்துக்கொள்கிறேன். உன் கைப்பக்குவம் இல்லை. ஆனால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவதில்லை. முழுக்கச் சாப்பிடுகிறேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். கோபப்படாதே. அறைகளில் ஒன்றைக் காலி செய்து வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். ஜன்னல் உள்ள அறை. உனக்குச் சத்தம் பிடிக்காது. நான் குரலைத் தாழ்த்திப் பேசுகிறேன். இப்போது உரக்கப் பேச அவ்வளவாக மூச்சும் இல்லை. வந்துவிடேன்.

உன்,
லிஃப்ட்காரர்


ஆகஸ்ட் 21

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். வெட்டியது போக மிச்சம் இருந்தது வளர்ந்து, ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிட்டதாம். கொழுப்பு இல்லை. தழும்பு மட்டும் மழைக்கு அரிக்கிறது. வேலைக்குப் போகிறேன்.

அந்த அறை நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் குரலைத் தாழ்த்துவீர்கள் என்பதையும் நம்புகிறேன். மூச்சு திரும்பி வந்ததும் குரலும் வந்துவிடும். நீங்கள் அப்படிப்பட்டவர், அதில் தப்பில்லை. அப்போது நான் உங்களைப் பார்த்து, உங்களுக்கு நான் என்னவெல்லாம் கொடுத்தேன் என்று ஒரு நாள் சொல்லிவிடுவேன். நானும் அப்படிப்பட்டவள்தான். அதை நான் சொல்லக் கூடாது, நீங்கள் கேட்கவும் கூடாது. என் அறையில் எனக்குப் பழகிவிட்டது. அடுப்பும் பழகிவிட்டது.

தாள்களைக் கோர்ட்டில் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் எட்டாம் தேதி, காலை பத்து மணிக்கு இருவரும் வரவேண்டும். நான்காம் மாடி. லிஃப்ட் இருக்கிறது. பழுது என்று பலகை தொங்கினால் நீங்கள் கை வைக்காதீர்கள், யாரையாவது கூப்பிடச் சொல்லி உட்கார்ந்திருங்கள். நீங்கள் இன்னும் கனமாக எதையும் தூக்கக் கூடாது.

நம்மை எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று தெரியாது. மதியத்துக்கு மேலும் ஆகலாம் என்றார் வக்கீல். கேண்டீனில் எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், பொரித்ததும் இனிப்பும்தான் வைத்திருக்கிறார்கள். வெளியே வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு இருக்கிறது, நிழலாக இருக்கும்.

இருவருக்கும் சேர்த்து நான் சமைத்துக் கொண்டுவருகிறேன். குடிக்கத் தண்ணீர் மட்டும் நீங்கள் எடுத்துவாருங்கள்.

அன்புடன்,
ராங்கி